கிளிக் செய்வதா, கட்டளை இடுவதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு ஒரு கறுப்புத் திரையைக் கண்டால் பயம். ஏதேனும் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்திடும்போது அது ஒரு நொடி தோன்றி மறையும். வைரஸ் வந்துவிட்டதோ என்று பதறிப் போகிறவர்கள் உண்டு. இதெல்லாம் இன்ஜினியர்கள் சமாச்சாரம், நமக்கு மவுஸ் போதும் என்று ஒதுங்கிவிடுகிறவர்களும் உண்டு.

அந்தக் கறுப்புத் திரையின் பெயர் கமாண்ட் ப்ராம்ப்ட். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அது ஏற்கனவே இருக்கிறது. தனியாக வாங்கவோ டவுன்லோட் செய்யவோ வேண்டாம். எந்த வேலைக்கு மவுஸ், எந்த வேலைக்குக் கட்டளை என்று தெரிந்துகொண்டால் நேரம் நிறைய மிச்சமாகும். இதைக் கற்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் திரையைப் பற்றித் தெரியாதவர்களைத்தான் மோசடிக்காரர்கள் இப்போது குறி வைக்கிறார்கள். எனவே கட்டுரையின் கடைசிப் பகுதி வரை படித்துவிடுங்கள்.

இரண்டு வழிகள்

ஒரு ஓட்டலுக்கு முதல் முறை போகிறீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் போர்டைப் பார்த்து, என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆர்டர் கொடுக்கிறீர்கள். தினமும் அங்கே சாப்பிடுகிறவரோ போர்டைப் பார்ப்பதே இல்லை. "ரெண்டு இட்லி, ஒரு வடை, சட்னி தனியா" என்று உட்காரும்போதே சொல்லிவிடுகிறார்.

மவுஸ், ஐகான், மெனு கொண்டு வேலை செய்வது முதல் வழி. இதனை கிராபிகல் யூசர் இன்டர்பேஸ் என்பார்கள். இருப்பதை எல்லாம் திரை காட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தால் போதும். கட்டளையை டைப் செய்து வேலை வாங்குவது இரண்டாவது வழி. இதற்கு கமாண்ட் லைன் என்று பெயர். இங்கே திரை எதையும் காட்டாது. என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் 400 பைல்களுக்கான வேலையும் ஒரே வரியில் முடியும்.

இதில் மூத்தது கட்டளைதான். 1981-ல் ஐபிஎம் நிறுவனம் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதில் டாஸ் என்னும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருந்தது. எதைச் செய்வதானாலும் டைப் செய்தாக வேண்டும். மவுஸை டக்ளஸ் எங்கெல்பர்ட் 1968-லேயே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மேடையில் இயக்கிக் காட்டிவிட்டார். 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்ட்டோ கம்ப்யூட்டரில் விண்டோக்களும் மவுஸும் இருந்தன. பொதுமக்களிடம் இந்த முறையைக் கொண்டு சேர்த்தவை 1984-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷும், 1985-ல் தொடங்கிய மைக்ரோசாப்ட் விண்டோஸும் ஆகும். ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் 1995-ல் விண்டோஸ் 95 உடன் வந்தன. ஆனாலும் கட்டளைத் திரையை யாரும் நீக்கிவிடவில்லை. சில வேலைகளுக்கு அதுவே இன்றும் சுலபமான வழி என்பதுதான் காரணம்.

திறப்பது எப்படி?

முதலில் டெஸ்க்டாப்பில் "டெஸ்ட்" என்று ஒரு போல்டரை உருவாக்குங்கள். சில போட்டோக்களை அதில் காப்பி செய்து வையுங்கள். ஒரிஜினல் பைல்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும். பயிற்சி முழுவதையும் இந்த நகல்களில்தான் செய்யப் போகிறோம்.

இப்போது அந்த போல்டரைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் காலியான இடத்தில் கிளிக் செய்திடுங்கள். அங்கிருக்கும் முகவரி நீல நிறமாகும். அதன் மேலேயே சிஎம்டி என்ற 3 எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் என்பதன் சுருக்கம் இது. கறுப்புத் திரை திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இப்படிச் செய்யலாம்.

திரையில் ஒரு முகவரியும், அதன் முடிவில் > என்ற குறியும், துடிக்கும் கர்சரும் தெரியும். "நீங்கள் இந்த போல்டரில் நிற்கிறீர்கள், என்ன செய்யட்டும்?" என்று கம்ப்யூட்டர் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த போல்டரில் நிற்கிறோம் என்பது முக்கியம். நீங்கள் தரும் கட்டளை அங்கேதான் நிறைவேறும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. / என்பது கேள்விக்குறியுடன் சேர்ந்த கீயில் இருக்கும் கோடு. சொற்களுக்கு இடையே ஸ்பேஸ் விட மறக்க வேண்டாம்.

வேலை 1: என்னென்ன இருக்கிறது?

முதல் கட்டளை டிஐஆர். டைரக்டரி என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் 3 எழுத்துகள். டைப் செய்து என்டர் தட்டினால் போல்டரில் உள்ள பைல்களின் பெயர், அளவு, தேதி எல்லாம் வரிசையாக வரும். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, அழிக்காது. எத்தனை முறை வேண்டுமானாலும் தைரியமாகக் கொடுக்கலாம்.

இதில் ஒரு கூடுதல் பலன் உண்டு. பைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் பொதுவாக மறைத்தே காட்டும். டிஐஆர் மறைக்காது. பிடிஎப் என்று நினைத்த பைலின் உண்மையான முடிவு இஎக்ஸ்இ என்றிருந்தால் இங்கே தெரிந்துவிடும். அது டாக்குமெண்ட் அல்ல, இயங்கும் புரோகிராம். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்திருந்தால் திறக்காமல் நீக்கிவிடுங்கள்.

வேலை 2: பட்டியல் எடுத்தல்

ஒரு போல்டரில் 300 பாடல்கள் இருக்கின்றன. பெயர்களை எல்லாம் ஒரு தாளில் பிரிண்ட் எடுக்க வேண்டும். மவுஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் காப்பி செய்தால் பொழுது போய்விடும். இப்படி டைப் செய்திடுங்கள்:

டிஐஆர் /பி > லிஸ்ட்.டிஎக்ஸ்டி

/ குறிக்குப் பின் வருவது ஆங்கில வரிசையின் 2-வது எழுத்து. தேதியும் அளவும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று அது சொல்கிறது. > என்ற குறி, விடையைத் திரையில் காட்டாமல் ஒரு பைலில் எழுதச் சொல்கிறது. டிஎக்ஸ்டி என்பது டெக்ஸ்ட் பைலுக்கான எக்ஸ்டென்ஷன். போல்டரில் லிஸ்ட் என்ற புதிய பைல் வந்திருக்கும். நோட்பேடில் திறந்து பிரிண்ட் எடுக்கலாம். பட்டியலில் லிஸ்ட் பைலின் பெயரும் ஒரு வரியாக இருக்கும். அதை மட்டும் அழித்துவிடுங்கள். அதே பெயரில் ஏற்கனவே ஒரு பைல் இருந்தால் பழையது போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழில் பெயர் வைத்த பைல்கள் இருந்தால் பட்டியலில் கேள்விக்குறிகள் வரலாம். அப்போது முதலில் சிஎச்சிபி 65001 என்று கொடுத்து என்டர் தட்டிவிட்டு, பிறகு பட்டியல் எடுங்கள். சேஞ்ச் கோட் பேஜ் என்பதன் சுருக்கம் அது. 65001 என்பது யுனிகோட் எழுத்துகளுக்கான எண். தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகப் பதிவாகும்.

வேலை 3: பல பைல்களின் பெயரை மாற்றுதல்

சில விண்ணப்பத் தளங்கள் ஜேபிஜி என முடியும் போட்டோக்களை மட்டுமே ஏற்கும். உங்களிடம் இருப்பதோ ஜேபிஇஜி என முடிகிறது. இரண்டும் ஒரே வகைதான். டாஸ் காலத்தில் எக்ஸ்டென்ஷன் 3 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் வந்த சுருக்கம்தான் ஜேபிஜி. எல்லாவற்றையும் மாற்ற ஒரு வரி போதும்:

ஆர்இஎன் *.ஜேபிஇஜி *.ஜேபிஜி

ரீநேம் என்ற சொல்லின் முதல் 3 எழுத்துகள் ஆர்இஎன். நட்சத்திரக் குறிக்கு "எந்தப் பெயராக இருந்தாலும்" என்று பொருள். ஆனால் என்டர் தட்டுவதற்கு முன் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். அதே அடையாளத்தை முதலில் டிஐஆருடன் கொடுத்துப் பாருங்கள்:

டிஐஆர் *.ஜேபிஇஜி

எந்தெந்தப் பைல்கள் மாறப் போகின்றன என்று திரையில் வரும். சரியாக இருந்தால் ஆர்இஎன் கட்டளையைக் கொடுங்கள். முதலில் பார், பிறகு செய். மவுஸ் உங்களுக்குத் தானாகவே தரும் பாதுகாப்பு இது. கட்டளைத் திரையில் நீங்களாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். பெயரை மாற்றினால் பைலின் வகை மாறாது. பிஎன்ஜி படத்துக்கு ஜேபிஜி என்று பெயர் வைத்தாலும் உள்ளே அது பிஎன்ஜிதான். அதை மாற்ற பெயின்ட் புரோகிராமில் திறந்து சேவ் ஆஸ் கொடுக்க வேண்டும்.

வேலை 4: பேட்டரியின் உண்மை நிலை

இது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் உபயோகமாக இருக்கும். டாஸ்க்பாரில் உள்ள பேட்டரி ஐகான், இப்போது எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லாது. அதற்கு:

பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்

பவர் என்ற சொல்லுடன் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டியே டைப் செய்ய வேண்டும். பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் அதேபோல் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். நீங்கள் நிற்கும் போல்டரிலேயே ஓர் அறிக்கை உருவாகும். டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரு எண்கள் இருக்கும். முதலாவது, தயாரித்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்றைய கொள்ளளவு. முதல் எண் 50,000 ஆகவும் இரண்டாவது 30,000 ஆகவும் இருந்தால், பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம் என்று பொருள். விலை பேசுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வேலை 5: பேக்கப் எடுத்தல்

குடும்ப போட்டோக்கள் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்கிறீர்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. எதுவரை காப்பியானது? ரோபோகாப்பி என்னும் கட்டளைக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஏற்கனவே மாறாமல் போய்ச் சேர்ந்த பைல்களை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் காப்பி செய்திடும். முடிவில் எத்தனை காப்பியாயின, எத்தனை விடப்பட்டன, எத்தனை தோற்றன என்று ஒரு கணக்கும் தரும்.

ரோபோகாப்பி "மூல போல்டரின் முகவரி" "சேர வேண்டிய போல்டரின் முகவரி" /இ

/ குறிக்குப் பின் உள்ள இ, உள்ளே இருக்கும் போல்டர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஆங்கில வரிசையில் இது 5-வது எழுத்து. நீளமான முகவரிகளை டைப் செய்து தவறு செய்ய வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் போல்டரை ரைட் கிளிக் செய்து "காப்பி ஆஸ் பாத்" என்பதைத் தேர்ந்தெடுத்து, கறுப்புத் திரையில் பேஸ்ட் செய்திடலாம். மேற்கோள் குறிகளும் கூடவே வந்துவிடும். விண்டோஸ் 10-ல் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு முன் அந்த போல்டரில் உள்ள பைல்களை மூடிவிடுங்கள். திறக்க முடியாத பைல் ஒன்று குறுக்கிட்டால், ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒருமுறை என 10 லட்சம் முறை வரை முயன்றுகொண்டே இருக்கும். எந்தக் கட்டளையையும் நடுவில் நிறுத்த கன்ட்ரோல் + சி அழுத்துங்கள். எம்ஐஆர் என்ற சுவிட்சை எங்காவது பார்த்தால் உடனே சேர்த்துவிடாதீர்கள். மூலத்தில் இல்லாத பைல்களை பேக்கப்பிலிருந்தும் அது அழித்துவிடும்.

மவுஸ் ஜெயிக்கும் இடங்கள்

மென்பொருள் வேலையில் இருக்கும் நாங்கள் தினமும் பல மணி நேரம் கறுப்புத் திரையில்தான் இருக்கிறோம். ஆனால் சுற்றுலா போட்டோக்களில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க மவுஸைத்தான் பிடிக்கிறோம். கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வேலை எதற்கும் அதுவே சரி. புதிய சாப்ட்வேர் ஒன்றைக் கற்கும்போதும் மெனுக்களில் உலவினால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். 10 போட்டோக்களுக்கு "டூர்" என்று வரிசை எண்ணுடன் பெயர் வைக்க வேண்டுமா? எல்லாவற்றையும் செலக்ட் செய்து எப்2 அழுத்தி, பெயர் கொடுத்து என்டர் தட்டினால் டூர் (1), டூர் (2) என்று மாறிவிடும். இதற்குக் கட்டளை தேவையே இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, தவறைத் திருத்தும் வாய்ப்பு. எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றியது தவறானால் கன்ட்ரோல் + இசட் பழையபடி ஆக்கிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் அழித்த பைல் ரீசைக்கிள் பின்னில் காத்திருக்கும். கட்டளைத் திரையில் இவை கிடையாது. டெலிட் என்பதன் முதல் 3 எழுத்துகளான டிஇஎல் கட்டளையால் அழித்த பைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் "நிச்சயமா?" என்று ஒருமுறை கேட்கும். ஆனால் ஜேபிஜி பைல்களை மட்டும் அழி என்றால் ஒன்றும் கேட்காமல் அழித்துவிடும். ஆகவே பைல்களை அழிக்க எப்போதும் மவுஸையே பயன்படுத்துங்கள்.

மோசடிக்காரர்களின் கட்டளைகள்

கட்டளைத் திரை காரணம் கேட்காது, சொன்னதைச் செய்யும். இதைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இரு வகைகள் மிகவும் பரவியுள்ளன.

முதல் வகை போன் அழைப்பு. "பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்பார்கள். நம்ப வைக்க, அசோசியேஷன் என்பதன் முதல் 5 எழுத்துகளைக் கறுப்புத் திரையில் டைப் செய்யச் சொல்வார்கள். நீளமான ஒரு பட்டியல் ஓடும். அதில் 888 எனத் தொடங்கும் நீண்ட எண் ஒன்றை அவர்கள் போனிலேயே படித்துக் காட்டி, "இது உங்கள் கம்ப்யூட்டரின் தனி அடையாள எண், எங்களிடம் பதிவாகியிருக்கிறது" என்பார்கள். உண்மையில் அது ஜிப் போல்டர் வசதி ஒன்றுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண். எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான் இருக்கும். இன்னும் சிலர் டிரீ என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லி, ஓடும் வரிகளைக் காட்டி "ஸ்கேன் நடக்கிறது" என்பார்கள். அது போல்டர்களின் பெயரை வரிசையாகக் காட்டும் சாதாரணக் கட்டளை, அவ்வளவே.

இரண்டாவது வகை 2024 முதல் வேகமாகப் பரவியது. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று ஒரு கட்டம் வரும். அதில் கிளிக் செய்தவுடன் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளை கிளிப்போர்டில் காப்பியாகிவிடும். அடுத்து, விண்டோஸ் கீ + ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் + வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று 3 படிகள் சொல்லப்படும். முதல் படி ரன் பாக்ஸைத் திறக்கிறது. இரண்டாவது அந்தக் கட்டளையை ஒட்டுகிறது. மூன்றாவது இயக்கிவிடுகிறது. பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராம் இப்படித்தான் உள்ளே வருகிறது. அதை இயக்கியதே நீங்கள்தான் என்பதால் ஆன்ட்டி வைரஸ் சில நேரம் தடுக்காமல் விடலாம்.

நிஜமான சோதனை எதுவும் பிரவுசரை விட்டு வெளியே வரச் சொல்லாது. ரன் பாக்ஸையோ கறுப்புத் திரையையோ திறக்கச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஏற்கனவே செய்துவிட்டீர்களா? இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் செய்திடுங்கள். இமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ இருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். இந்தியா முழுமைக்குமான சைபர் குற்ற உதவி எண் அது. பேங்க்குக்கும் சொல்லிவிடுங்கள்.

நினைவில் வைக்க

பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கும், பைல்களை அழிப்பதற்கும் மவுஸ். ஒரே வேலையைப் பல பைல்களில் செய்வதற்கும், மெனுவில் கிடைக்காத தகவலைக் கேட்பதற்கும் கட்டளை. கட்டளையால் மாற்றும் முன் டிஐஆர் கொண்டு சரி பாருங்கள். புரியாத கட்டளையை, யார் சொன்னாலும், எங்கே படித்தாலும் டைப் செய்யாதீர்கள். பெரும்பாலான கட்டளைகளின் பெயருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டு /? என்று சேர்த்து என்டர் தட்டினால், அது என்ன செய்யும் என்று கம்ப்யூட்டரே ஆங்கிலத்தில் விளக்கம் தரும்.

அப்/டவுன் அம்புக்குறிக் கீகளில் அப் கீயை அழுத்தினால் முந்தைய கட்டளை திரும்ப வரும். பைல் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதிப் பெயர் தானே பூர்த்தியாகும். இந்த இரண்டும் பழகிவிட்டால் டைப் செய்வது பாதியாகக் குறைந்துவிடும்.

இன்றே டெஸ்ட் போல்டரைத் திறந்து டிஐஆர் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை கறுப்புத் திரை தானாகத் தோன்றினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிக்கத் தோன்றும்.